மூச்சை இழுத்துப் பிடிங்க

அக்கா அந்தப் படத்தை அவரைக்காயோடு சேர்த்துக் கட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். காவேரிப்பட்டணத்திலிருந்து தர்மபுரி வரைக்கும் பஸ்ஸில் நின்றபடி வந்ததில் உறையின் ஓரம் மடங்கிப் போயிருந்தது. கார்த்திகை மாதம், வாசலில் விளக்கு வைக்கிற நேரம். “தம்பி, இதைக் கொஞ்சம் பாரு. மாமாவுக்குப் பதினைஞ்சு நாளா காய்ச்சல் விட்டு விட்டு வருது” என்றார். நான் ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் எங்கள் சொந்தத்தில் யாருக்கு எக்ஸ்ரே எடுத்தாலும் அது முதலில் என் வீட்டுக்குத்தான் வரும். டாக்டர் அப்புறம்தான்.

ஹாலில் ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். வலது நுரையீரலின் மேல்பகுதியில் பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல வெள்ளை. அதன் நடுவில் ஓர் ஓட்டை. மாமாவுக்கு அறுபத்து மூன்று வயது. இருபது வருடமாகச் சுகர். பதினைந்து நாள் காய்ச்சல், உடம்பும் இளைத்திருக்கிறது. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

“டி.பி. மாதிரி இருக்குக்கா.”

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. படத்தை வாங்கி உறையில் போட்டார். அவரைக்காயை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

நான் ரேடியோகிராபர். படம் எடுப்பது என் வேலை. அதைப் படித்துச் சொல்வது என் வேலை இல்லை. “சார், படத்துல என்ன தெரியுது?” என்று கேட்டவர்களிடம் முப்பத்திரண்டு வருடமாக “டாக்டர் பார்த்துச் சொல்வாரு” என்றே சொல்லிவந்தவன். சொந்தக்காரர்கள் கேட்டால் மட்டும் வாய் நிற்காது.

வேலைக்குச் சேர்ந்தது 1986இல். கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, 2004இல்தான் பிரிந்தது. தளியிலிருந்து அரூர் வரைக்கும் எல்லாம் ஒரே தர்மபுரி மாவட்டம். என்னை முதலில் போட்டது மலைப்பக்கத்து மருத்துவமனை ஒன்றில். அங்கே எனக்கு முதல் பாடமே மொழிதான். நெஞ்சுப் படத்துக்கு மூச்சு முக்கியம். “மூச்சை நல்லா இழுங்க, இழுத்துப் பிடிங்க, விடாதீங்க” என்பதைத் தமிழில் சொன்னால் பாதிப் பேர் முழிப்பார்கள். தெலுங்கில் ‘ஊபிரி பிகபட்டண்டி’, கன்னடத்தில் ‘உசிரு பிகி ஹிடீரி’ என்று வார்டு ஆயாவிடம் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் அந்த இரண்டு மொழியிலும் எனக்குத் தெரிந்த ஒரே வாக்கியம் அதுதான். ஓசூரில் ஒரு கல்யாண வீட்டில் இதைச் சொல்லிக் காட்டப்போய், பெண் வீட்டார் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார்கள்.

மூச்சு ஏன் அவ்வளவு முக்கியம்? முழுசாக இழுத்துப் பிடித்தால் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் கீழே இறங்கும். பின்பக்க விலா எலும்புகளில் பத்து வரைக்கும் படத்தில் எண்ணலாம். பாதி மூச்சில் எடுத்தால் நுரையீரலின் அடிப்பகுதி நெருங்கிக் கசங்கி வெள்ளையாகத் தெரியும். இல்லாத நிமோனியாவை நாமே உண்டாக்கிவிடலாம். நெஞ்சை ஃபிலிம் வைத்த கேசட்டில் ஒட்டி, கையை இடுப்பில் வைத்து, தோளை முன்னால் தள்ளி நிற்கச் சொல்வதும் அதற்குத்தான்: தோள்பட்டை எலும்பு நுரையீரல்மேல் விழக்கூடாது. கதிர் விடும் எக்ஸ்ரே குழாய் ஆறடி தள்ளி முதுகுக்குப் பின்னால் இருக்கும். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு முன்னாலிருந்து, கிட்டத்தில் வைத்து எடுத்தால் இதயம் பெருத்துத் தெரியும். புதுசாக வரும் பயிற்சி டாக்டர்கள் அதைப் பார்த்து இதயம் வீங்கிவிட்டது என்று எழுதுவார்கள். நான் உறைமேல் ‘படுக்கையில் எடுத்தது’ என்று பேனாவால் எழுதிவைப்பேன்.

எடுத்த பிறகு டார்க் ரூம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. சிவப்பு விளக்கு, டெவலப்பர் தொட்டி, நடுவில் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ. ஃபிலிமை ஹேங்கரில் மாட்டி டெவலப்பரில் முக்கினால், ஒன்றுமில்லாத தாளில் விலா எலும்பு மெல்ல எழுந்து வரும். இருபது டிகிரி சூட்டில் ஐந்து நிமிடம் என்பது கணக்கு. சித்திரை மாதத்துத் தர்மபுரியில் இருபது டிகிரிக்கு எங்கே போவது? பாலிதீன் பையில் ஐஸ்கட்டியைக் கட்டித் தொட்டியில் மிதக்கவிடுவோம். கொஞ்சம் அசந்தால் படம் முழுக்கப் புகைமூட்டம். அதையும் யாராவது ‘இரண்டு பக்கமும் சளி’ என்று படித்துவிட வாய்ப்பு உண்டு. கடைசியில் ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். கோடையில் குடிக்கவே லாரித் தண்ணீர். அரைகுறையாக அலசிய படங்கள் நாலு வருடத்தில் பழுப்பேறிப் போகும். தீர்ந்துபோன ஹைப்போவையும் பழைய படங்களையும் வெள்ளிக்காக வாங்கிப் போக ஆள் வருவார். எத்தனையோ பேருடைய நெஞ்சு அப்படித்தான் உருக்கி வெள்ளியானது.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது விலா எலும்பில் தெரியும். ஆயுசு முழுக்க அந்தத் தண்ணீரையே குடித்த சில பெரியவர்களின் படத்தில் முதுகெலும்பும் விலாவும் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துக் கிடக்கும். வழக்கமான அளவில் கதிர் விட்டால் போதாது, கூட்டி வைக்க வேண்டும். எலும்பே இவ்வளவு வெள்ளையாக இருந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் மெல்லிய நிழலை எப்படிக் கண்டுபிடிப்பது? 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு அடுத்த தலைமுறைக்கு இது குறையும். பழைய எலும்பு பழைய எலும்புதான்.

சரி, நெஞ்சுப் படத்தில் வெள்ளையாகத் தெரியும் நிமோனியாவுக்கு வருவோம்.

தமிழில் நுரையீரல் என்று பேர் வைத்தவர் கறிக்கடையில் நின்று பார்த்திருக்க வேண்டும். ஈரல்தான், ஆனால் நுரை நிறைந்தது. தண்ணீரில் போட்டால் மிதக்கும். பக்கத்திலேயே தொங்கும் கல்லீரலைப் போட்டால் கல்லாக மூழ்கும். நிமோனியா என்றால் அந்த நுரை போய்விடுகிறது. காற்று இருக்க வேண்டிய சின்னச் சின்ன அறைகளில் நீரும் சீழும் ரத்த அணுக்களும் நிரம்பிவிடுகின்றன. ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லேனெக், இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்த்து இந்த நிலைக்கு ‘ஈரலாதல்’ என்று பொருள்படும் பெயரையே சொன்னார். அப்படி இறுகிய துண்டைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். நம் மொழியில் இதைச் சொல்ல ஒரு வரி போதும்: நுரையீரல் கல்லீரலாகிவிட்டது.

எக்ஸ்ரேயில் காற்று கருப்பு, நீர் வெள்ளை. 1895 நவம்பரில் ரான்ட்ஜன் இந்தக் கதிரைக் கண்டுபிடித்து மனைவியின் கையைப் படமெடுத்தபோது உலகம் எலும்பைப் பார்த்து வாயைப் பிளந்தது. எனக்கு அதைவிட ஆச்சரியம் நெஞ்சுதான். உடம்பிலேயே இவ்வளவு பெரிய கருப்புத் திரை வேறெங்கும் கிடையாது. அதில் ஒரு கைப்பிடி நீர் சேர்ந்தாலும் வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும். இறுகிப்போன பகுதிக்குள் மூச்சுக்குழல்களில் மட்டும் காற்று மிச்சம் இருந்தால், வெள்ளைக்குள் கருப்பு கருப்பாகக் கிளை ஓடும். இலையுதிர்ந்த புளியமரம் மாதிரி.

எந்த இடத்தில் சளி என்பதைக் கண்டுபிடிக்க ஒரு தந்திரம் உண்டு. 1950இல் பென்ஜமின் ஃபெல்சன் என்ற அமெரிக்க ரேடியாலஜிஸ்ட் அதை எழுதினார். வெள்ளை வேட்டியில் மோர் கொட்டினால் எங்கே கொட்டியது என்று தெரியுமா? தெரியாது. கருப்பும் வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் ஓரம் தெரியும். இதயம் வெள்ளை, அதை ஒட்டிய நுரையீரல் கருப்பு; அதனால் இதயத்துக்கு ஓரம் இருக்கிறது. நுரையீரலின் ஒவ்வொரு பிரிவும் ஒரு மடல்; வலது நடு மடலில் நிமோனியா வந்து வெளுத்தால் இதயத்தின் வலது ஓரம் அழிந்துபோகும். கீழ் மடலில் வந்தால் உதரவிதானத்தின் கோடு அழியும். எந்தக் கோடு காணாமல் போயிருக்கிறது என்று தேடினால் இடம் கிடைத்துவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பெண் டாக்டர். ஈரப் படத்தை ஹேங்கரோடு பிடித்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் புடவையில் விழுவதைக்கூடக் கவனிக்காமல் விளக்குவார்.

இடம் தெரிந்துவிட்டது. ஆள் யார்? இங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன்.

பாடப்புத்தகங்களில் ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு சாயல் எழுதியிருக்கிறது. நிமோகாக்கஸ் என்றால் ஒரு மடல் முழுக்க இறுகும். கிளெப்சியெல்லா குடிகாரர்களுக்கும் சுகர்காரர்களுக்கும் மேல் மடலில் வரும், சளி ஜெல்லி மாதிரி சிவந்திருக்கும், மடல் வீங்கி எல்லைக் கோட்டையே கீழே தள்ளும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஃப்ளூ காய்ச்சலுக்குப் பின்னால் வந்து சீழ்க்கட்டி வைக்கும், குழந்தைகளுக்கு நுரையீரலில் காற்றுக் குமிழ்களை உண்டாக்கும். பல் சொத்தை, குடிபோதை, வலிப்பு என்று நினைவு தப்பும்போது வாயிலிருப்பது உள்ளே இறங்கினால், படுத்திருக்கும் ஆளுக்கு எது பள்ளமோ அந்தப் பகுதியில் சீழ் பிடிக்கும், சளி நாறும். மைக்கோபிளாஸ்மாவுக்கு மேலுறைச் சுவரே கிடையாது, ஆகவே அந்தச் சுவரை உடைக்கும் பென்சிலின் வகை மருந்து அதனிடம் பலிக்காது. நோயாளி நடந்துகொண்டே இருப்பார், படம்தான் மோசமாக இருக்கும். லெஜியோனெல்லா தண்ணீரில் வளர்வது. 1976இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் முன்னாள் படைவீரர்கள் கூடிய ஒரு மாநாட்டில் பரவி, கிருமி இன்னதென்று தெரியவே மாதக்கணக்கு ஆனது.

படிக்க நன்றாக இருக்கிறது. தேர்வில் கேட்டால் மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் வருகிற நோயாளி புத்தகத்தைப் படித்துவிட்டு வருவதில்லை. படத்தை மட்டும் வைத்து இந்தக் கிருமி என்று சொல்வது இருக்கட்டும், பாக்டீரியாவா வைரஸா என்று பிரிப்பதுகூட உறுதியாக முடியாது என்பதுதான் திரும்பத் திரும்ப ஆராய்ந்து பார்த்தவர்கள் சொல்வது. ஒரே படத்தை இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகப் படிப்பார்கள். அதைவிட, ஒரே டாக்டரிடம் அதே படத்தைச் சில நாள் கழித்துக் காட்டினால் வேறு மாதிரி படிப்பார் என்பதையும் 1940களிலேயே அமெரிக்காவில் சோதித்துக் காட்டிவிட்டார்கள். இவ்வளவையும் தெரிந்த நான்தான் ட்யூப்லைட்டில் பார்த்துத் தீர்ப்புச் சொன்னேன்.

எங்கள் பக்கத்துக்கு என்று சில ஏமாற்று நிழல்களும் உண்டு. கிரானைட் குவாரியிலும் பாலிஷ் பட்டறையிலும் பல வருடம் தூசியை மூச்சில் இழுத்தவர்களுக்கு மேல்பகுதியில் கடுகு தூவியதுபோலப் புள்ளிகள் வரும். சிலிகோசிஸ். பார்க்க டி.பி. மாதிரி இருக்கும், அதோடு டி.பி.யும் எளிதில் வந்து சேரும். இரண்டையும் படத்தில் பிரிப்பது பெரிய டாக்டர்களுக்கே கஷ்டம்.

என் கண் ஒரு முறை உதவியதையும் சொல்லிக்கொள்கிறேனே. அஞ்செட்டிப் பக்கத்து ஆடு மேய்ப்பவர் ஒருவர். மார்கழி. ஒரு வாரக் காய்ச்சல், மூச்சு வாங்குகிறது. படத்தில் இரண்டு பக்கமும் அடிவரைக்கும் திட்டுத் திட்டாக வெள்ளை. படத்துக்காகச் சட்டையைக் கழற்றியபோது அக்குளுக்குக் கீழே பீடியால் சுட்டதுபோல ஒரு கருத்த பொருக்கு. வலிக்கவில்லை என்றார். எனக்கு ஏதோ தோன்றி, ஓ.பி. சீட்டில் எழுதி அனுப்பினேன். டாக்டர் பார்த்துவிட்டு உண்ணிக் காய்ச்சல் என்றார். புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. அதுவும் ஒரு பாக்டீரியாதான். டாக்ஸிசைக்ளின் கொடுத்து இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. அந்த ஆளின் நோயைக் காட்டிக்கொடுத்தது நான் எடுத்த படம் இல்லை, கழற்றிய சட்டை. அதிலேயே நான் பாடம் கற்றிருக்க வேண்டும்.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். அக்கா ஊருக்குப் போன இரண்டாம் நாளே சொந்தம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பிரசவத்துக்குப் பிறகு தாய் வீட்டிலேயே இருந்த அக்கா மகள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டாள். மாமாவுக்குத் திண்ணைப் பக்கத்து அறை. தனித் தட்டு, தனி டம்ளர். அக்கா, மாமா கல்யாணத்துக்கு யாரோ மொய் வைத்த, பேர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் அது. டி.பி. காற்றில் பரவுவது, தட்டிலும் டம்ளரிலும் பரவாது என்று போனில் சொன்னேன். நோயின் பேரைச் சொன்னபோது கேட்டவர்கள் இதைக் கேட்கவில்லை.

சளி டப்பாவில் இரண்டு முறை கொடுத்துப் பார்த்தார்கள். டி.பி. கிருமி இல்லை. சிபிநாட் என்கிற மரபணுச் சோதனையிலும் இல்லை. வெளியே ஒரு லேபில் சளியைக் கல்ச்சர் போட்டதில், அதாவது அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்ததில், ‘சூடோமோனாஸ் வகை, வெளிக்கலப்பாக இருக்கலாம்’ என்று ஒரு வரி வந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. போன இடத்திலிருந்த டாக்டர் படத்தைத் தூக்கிப் பார்த்து, “சளியில வரலைன்னாலும் படம் டி.பி. மாதிரிதான் இருக்கு” என்று மாத்திரையை ஆரம்பித்துவிட்டார். அப்படி ஆரம்பிப்பது தவறான வழக்கம் ஒன்றும் இல்லை. எத்தனையோ பேரை அது காப்பாற்றியிருக்கிறது. நான் சொன்னதையே டாக்டரும் சொன்னார் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது.

மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது, காய்ச்சல் மட்டும் போகவில்லை. பன்னிரண்டாம் நாள் ராத்திரி அக்கா போன் செய்தார். “தம்பி, மாமா என்னை யாருன்னு கேக்கறாரு.”

ஆம்புலன்ஸில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நான் கூடவே போனேன். வண்டியில் உட்கார்ந்து அவர் மூச்சை எண்ணினேன், நிமிடத்துக்கு முப்பத்தாறு. நிமோனியாவில் பெரியவர்களுக்கு முப்பதைத் தாண்டினாலே ஆபத்தின் அடையாளம். குழந்தைகளுக்கு வேறு கணக்கு: இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை ஐம்பது, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை நாற்பது. கிராமத்துச் செவிலியர் படமே இல்லாமல், கடிகாரத்தைப் பார்த்து எண்ணியே பிள்ளையை அனுப்பிவைப்பது இதை வைத்துத்தான். தன் பிரக்ஞை தப்புவதும் கணக்கில் சேரும், ரத்த அழுத்தம் இறங்குவதும் சேரும். இவற்றில் எதுவும் என் ட்யூப்லைட்டில் தெரிந்திருக்காது.

அங்கே முதலில் ரத்தத்தை எடுத்தார்கள், கல்ச்சருக்கு இரண்டு பாட்டில். அப்புறம்தான் ஊசி. சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். ஒரு நெஞ்சுப் படத்தில் உடம்பில் படும் கதிர், நாம் சும்மா உட்கார்ந்திருந்தாலே மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் சில நாளில் வாங்கிக்கொள்ளும் அளவுதான். சி.டி. அப்படி நூறு படங்களுக்கும் மேல். ஆகவே எல்லோருக்கும் சி.டி. கேட்கக்கூடாது. இவருக்குத் தேவைப்பட்டது. வயிற்று ஸ்கேனில் கல்லீரலிலும் சுவரொட்டி என்கிற மண்ணீரலிலும் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள். அதைப் பார்த்ததும் அங்கிருந்தவர்களின் பேச்சு மாறியது.

மூன்றாம் நாள் லேபிலிருந்து ஓர் இளம் டாக்டர் வார்டுக்கே வந்தார். லேப் டாக்டர் நோயாளியைத் தேடி வந்து நான் பார்த்ததே இல்லை. கேட்ட கேள்விகளும் விசித்திரம். “நெல் வயல்ல இறங்கி வேலை செய்வாரா? செருப்பு போடுவாரா? மழைக்காலத்துல காலில் புண் இருந்ததா?” கே.ஆர்.பி. அணைப் பாசனம், ஐப்பசி முழுக்க மாமா முழங்கால் சேற்றில்தான் நின்றிருந்தார். காலில் சுகர் புண் எப்போதும் இருக்கும்.

கிருமியின் பேர் பர்க்ஹோல்டேரியா சூடோமாலியை, நோயின் பேர் மெலியாய்டோசிஸ். பேரைக் கேட்டதும் எங்கோ வெளிநாட்டு நோய் என்று நினைத்தேன். இல்லை. 1911இல் ரங்கூனில் விட்மோர் என்ற மருத்துவரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசுவாமியும் பிணப் பரிசோதனை செய்யும்போது கண்டுபிடித்தது. ஈரமண்ணில் வாழ்வது. மழைக்குப் பின்னால் தலைகாட்டும், சுகர்காரர்களைக் குறிவைக்கும். புண் வழியாகவும் போகும், மூச்சு வழியாகவும் போகும். நுரையீரலில் மேல்பகுதியைப் பிடித்து ஓட்டை போட்டால், டி.பி.க்கும் இதற்கும் படத்தில் வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது. லேபிலும் ஏமாற்றும். சூடோமோனாஸ் என்றோ, வெளியிலிருந்து கலந்த அழுக்கு என்றோ ஒதுக்கிவிடுவார்கள். முதல் லேபில் வந்த அந்த ஒரு வரி நினைவிருக்கிறதா? அதுவேதான்.

அந்த டாக்டர் என்னை லேபுக்குக் கூட்டிப்போய் மைக்ராஸ்கோப்பில் காட்டினார். நான் எக்ஸ்ரே ஆள் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரு உற்சாகம். இளஞ்சிவப்பில் குட்டிக் குட்டிக் குச்சிகள். ஒவ்வொன்றும் இரண்டு முனையில் அடர்ந்து, நடுவில் வெளுத்து, ஊக்கு மாதிரி. கிராம் சாயம் போட்டது என்றார். அந்தச் சாயத்தின் கதையையும் சொன்னார்: 1884இல் பெர்லினில் கிராம் என்ற டேனிஷ் இளைஞர், நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் துண்டுகளில் கிருமியைத் தனியாகக் காட்ட முயன்றபோது கிடைத்ததுதானாம் அது. ஊதாவைப் பிடித்துக்கொள்வது ஒரு சாதி, விட்டுவிடுவது இன்னொரு சாதி. உலகத்து லேப்களில் எல்லாம் இன்றைக்கும் முதலில் போடுவது அதைத்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. என் இருட்டறைக்கும் லேபுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். முப்பத்திரண்டு வருடம், ஒரு நாள்கூட அந்தக் கதவைத் திறந்து ஒரு ஸ்லைடைப் பார்த்ததில்லை.

டி.பி. மாத்திரையை நிறுத்தினார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நரம்பில் ஊசி, அப்புறம் மூன்று மாதத்துக்கும் குறையாமல் மாத்திரை. மாத்திரை என்னவென்று பார்த்தால் கோட்ரைமாக்ஸசோல், எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிற பழைய மருந்து. ஊசி ஆரம்பித்தும் காய்ச்சல் உடனே விடவில்லை. பத்தாம் நாள் மாமா களி கேட்டார். ஆஸ்பத்திரி கேண்டீனில் களிக்கு எங்கே போக? அக்கா பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் கேட்டுக் கிண்டி வாங்கிவந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு மூன்று நாளைக்கு ஒரு தரம் படம் எடுக்க வேண்டும் என்று மகன் துடித்தான். எடுத்தான், இரண்டு முறை. படத்தில் வெள்ளை அப்படியே இருக்க, எனக்குப் போன் செய்து கத்தினான். நிமோனியாவில் படம் ஆளைவிட மெதுவாகத்தான் நடக்கும் என்று விளக்கினேன். காய்ச்சல் விட்டு, பசி வந்து, ஆள் எழுந்து தோட்டத்துக்குப் போன பிறகும் நிழல் வாரக்கணக்கில் கிடக்கும். வயதானவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் இன்னும் தாமதம். சாதாரண நிமோனியாவிலேயே ஆறு வாரம் கழித்து ஒரு படம் எடுத்துப் பார்ப்பது வழக்கம், அதுவும் பின்னால் புற்றுநோய் எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க. ஆரம்பத்திலும் இப்படித்தான். நோய் தொடங்கிய முதல் நாளில் படம் சுத்தமாக இருக்கலாம். இரண்டு பக்கமும் நேரம் தவறும் கடிகாரம் அது.

இப்போது மாமா நன்றாக இருக்கிறார். மேல்பகுதியில் ஒரு மெல்லிய தழும்புக் கோடு, அவ்வளவுதான். வயலில் இறங்கக் கருப்பு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். முதல் நாள் ஊர்ப் பிள்ளைகள் போலீஸ் என்று கூப்பிட்டுச் சிரித்தார்களாம். போட்டுக்கொண்டுதான் இறங்குகிறார். கடைசிப் படத்தை வாங்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். “மாப்ள, என்ன தெரியுதுன்னு சொல்லு.” உறையைக்கூடப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்து, டாக்டர் பார்க்கட்டும் மாமா என்றேன். சிரித்தார்.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பேத்தி ஓடியாடி நடக்கிறாள். அக்கா எல்லோருக்கும் காபி கொண்டுவந்தார். மாமா எழுந்துபோய்த் திண்ணைப் பக்கத்து மாடத்திலிருந்து பேர் வெட்டிய அந்த டம்ளரை எடுத்துவந்து, அதில் ஊற்றச் சொல்லி நீட்டினார். “டி.பி.யே இல்லைன்னு ஆச்சே மாமா” என்றேன். “பழகிடுச்சு மாப்ள” என்றார். அக்கா அதைப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிடலாம் என்று இரண்டு முறை எடுத்து வைத்தாராம். இரண்டு முறையும் மாமாவே திரும்ப எடுத்துவந்து மாடத்தில் வைத்துவிட்டார்.